இரண்டுக்குப் பதில் ஒரே தமனி: அம்மாவின் மூளை அறுவை சிகிச்சை

சம்பா நாற்றங்கால் விட்டிருந்த சமயம் அது. மன்னார்குடிப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் அம்மாவுக்குத் திடீரென வந்த கடுமையான தலைவலியை, அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் ரத்த அழுத்தத்தால் வந்தது என்று சொல்லி, ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். கழுத்து விறைத்து வாந்தியும் நிற்காததால், அன்று இரவே 108 ஆம்புலன்சில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கே எடுத்த சிடி ஸ்கேனில், மூளையின் இரு பாதிகளுக்கும் இடையில் ரத்தம் கசிந்திருப்பது தெரிந்தது. நொடிப்பொழுதில் உச்சத்துக்குப் போகும், வாழ்நாளில் கண்டிராத தலைவலி என்றால் ஸ்கேன் எடுக்காமல் யாரும் வீடு திரும்பக் கூடாது. இப்படிக் கசிவதற்குப் பெரும்பாலும் காரணம், நாளச்சுவர் பலூன்போல உப்பி உண்டாகும் குமிழ் வெடிப்பதுதான். ஒருமுறை வெடித்த ரத்தநாளக் குமிழ் மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம்.

அங்கிருந்து திருச்சியில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். தொடை வழியாகக் குழாய் செலுத்தி ஆஞ்சியோகிராம் (ரத்தநாளங்களைக் காட்டும் சாயப் படம்) எடுத்த பிறகே அம்மாவின் மூளையில் இருந்த விசித்திரமான அமைப்பு வெளிப்பட்டது. முன்மூளைக்கு வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக இரண்டு தமனிகள் இணையாக மேலேறுவதுதான் வழக்கம். அம்மாவுக்கு அவை இரண்டும் ஒன்றாகி, ஒரே தண்டாக நடுவில் ஏறி, வெகுதூரம் போன பின்தான் இரண்டாகப் பிரிந்தன. அசைகஸ் தமனி எனப்படும் இது பிறவியிலேயே அமைவது, மிக அரிது, தன்னளவில் எந்தத் தொந்தரவும் தருவதில்லை. ஆனால் இருவழி ரத்தமும் ஒரே வழியாக வந்து, தமனி இரண்டாகப் பிரியும் கவட்டில் மோதுவதால் அந்த இடத்தில் நாளச்சுவர் நலிந்து குமிழ் விடக்கூடும் என்று கருதுகிறார்கள். அம்மாவின் குமிழும் சரியாக அந்தக் கவட்டில்தான் இருந்தது.

உடனே அறுவை செய்யாமல் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்களே என்று உறவினர்கள் பொறுமையிழந்தார்கள். நான் கேட்டபோது, டெல்டாக்காரரான அந்த நரம்பியல் அறுவை மருத்துவர் தாளில் வரைந்து காட்டினார். "ஒரே வாய்க்கால்தான் இரண்டு பக்க வயலுக்கும் பாயுதுன்னு வெச்சுக்குங்க. தலைமடையை அடைச்சா ரெண்டு பக்கமும் காஞ்சுடும்" என்றார். வழக்கமான அமைப்பில் ஒரு தமனி அடைபட்டால் ஒரு காலின் வலு குறையலாம். இங்கே அடைபட்டால் இரண்டு கால்களும், பேச வேண்டும் எழ வேண்டும் என்ற உந்துதலும் சேர்ந்தே போய்விடும். இரண்டு தமனிகள் இருந்து, ஒன்று மட்டும் நூலாக மெலிந்திருக்கும் இன்னொரு வகையும் உண்டாம். அதுவா இதுவா என்று உறுதி செய்யத்தான் இரண்டு பக்கத்துக் கழுத்துத் தமனிகளிலும் தனித்தனியாகச் சாய மருந்து செலுத்திப் பார்த்தார்கள். அந்தத் தாமதம் அவசியமானது என்பதில் எனக்கு இன்று சந்தேகமே இல்லை.

குமிழின் கழுத்து அகலமாக இருந்ததாலும், இரு கிளைகளும் அதிலிருந்தே புறப்பட்டதாலும், குழாய் வழியாக மெல்லிய உலோகச் சுருளை (காயில்) குமிழுக்குள் வைப்பதைவிட, மண்டையைத் திறந்து குமிழின் கழுத்தை இறுக்கி மூடும் கிளிப் போடுவதே நல்லது என முடிவானது. அந்தச் சுருள் நழுவாமலிருக்க நாளத்துக்குள் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தால் ரத்தம் உறையாதிருக்கும் மருந்துகள் தர வேண்டும். அண்மையில் வெடித்த குமிழுக்கு அது கூடுதல் ஆபத்து. நெற்றிக்கு மேலே மண்டை ஓட்டைத் திறந்து, மூளையின் இரு பாதிகளுக்கும் இடையே உள்ள குறுகிய பிளவின் வழியாக இறங்கினார்கள். தண்டின் மேல் தற்காலிகக் கிளிப்பைச் சில நிமிடங்களுக்கு மேல் வைக்க முடியாது என்பதால், அந்த நேரத்தில் ரத்த அழுத்தத்தைச் சற்று உயர்த்தி வைத்திருந்ததாகப் பின்னர் சொன்னார்கள். டைட்டானியம் கிளிப் போட்ட பின், ஒளிரும் சாயம் செலுத்தி இரு கிளைகளிலும் ரத்தம் ஓடுவதை அங்கேயே உறுதி செய்துகொண்டார்கள்.

செலவின் பெரும்பகுதியை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றது. அட்டையை முன்பே எடுத்து வைத்திருந்தது பேருதவி.

அறுவை முடிந்தும் கவலை தீரவில்லை. கசிந்த ரத்தத்தின் எரிச்சலால், ஏறத்தாழ நான்காம் நாள் முதல் இரண்டு வாரம் வரை மூளை நாளங்கள் சுருங்கக்கூடும். அதன் பாதிப்பைக் குறைக்கவே நிமோடிபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் தவறாமல், 21 நாட்கள் கொடுக்கிறார்கள். அந்த நாட்களில் அம்மா கண் திறந்து பார்ப்பார். கேட்டதற்குப் பதில் வராது. கால்களும் துவண்டிருந்தன. எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லையோ என்று தங்கை அழுதாள். அறிவு போகவில்லை, உந்துதல்தான் குறைந்திருக்கிறது, பெரும்பாலும் மெல்லத் திரும்பும் என்று மருத்துவர் விளக்கியது எங்களைத் தாங்கியது. முதலில் தண்ணீர் கேட்டார். பிறகு நாற்று பறித்தாயிற்றா என்று கேட்டார். இயன்முறைப் பயிற்சியால் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கி, இப்போது தனியாகவே கொல்லைப்புறம் வரை போய் வருகிறார். இடது காலில் மட்டும் சற்றுத் தளர்ச்சி மிச்சமிருக்கிறது.

டிஸ்சார்ஜ் அட்டையில் தமனியின் அமைப்பையும் கிளிப்பின் வகையையும் எழுதித் தரும்படி கேட்டு வாங்கியிருக்கிறோம். இனி எந்த மருத்துவர் ஸ்கேன் எடுத்தாலும் அந்த இரண்டு விவரங்களும் முதலில் அவர் கைக்குப் போக வேண்டும். அடுத்த ஆஞ்சியோகிராமுக்கு, அறுவடை முடிந்ததும் திருச்சிக்குப் போகிறோம்.