படிவத்தில் இல்லாத கூடை

2005ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தின் இரண்டாவது வாரத்தில், கடலூர் முதுநகரைத் தாண்டித் தெற்கே இருக்கும் ஒரு மீனவக் குப்பத்தில், தொண்டு நிறுவனம் ஒன்றுக்காகச் சேதக் கணக்கு எடுக்கும் வேலையில் இருந்தேன். முதுகலைப் பொருளாதாரம் முடித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கையில் இருந்த படிவத்தில் 22 கேள்விகள். கட்டுமரமா ஃபைபர் படகா, இன்ஜின் எத்தனை குதிரைத்திறன், வலை எத்தனை கிலோ, வீடு கூரையா ஓடா என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டே வந்தபோது, இடிந்த சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்த, ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மா என்னை நிறுத்தி, "படகு வலை எல்லாம் எழுதுறீங்களே தம்பி, என் கூடைய எதுல எழுதுவீங்க?" என்று கேட்டார்.

கூடை என்று அவர் சொன்னது அலுமினிய அன்னக்கூடையை. சவுக்குத் தோப்பில் சிக்கிக் கிடந்ததை யாரோ எடுத்து வந்து கொடுத்திருந்தார்கள். விளிம்பு ஒரு பக்கம் உள்ளே மடங்கியிருந்தது. சும்மாடு சுற்றும் பழந்துணி அதன் காதில் முடிந்தபடியே இருந்தது. சுனாமி வந்த டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆகவே மீனுக்கு நல்ல கிராக்கி இருக்கும் என்று நம்பி, அன்று காலை கரையில் நடந்த ஏலத்தில் வழக்கத்தைவிட ஒரு கூறு கூடுதலாகக் கடனுக்கு எடுத்திருக்கிறார். பேருந்து ஏறி நெல்லிக்குப்பம் போய் விற்று, மறுநாள் பணம் கட்டுவது வழக்கம். மீன் கடலோடு போய்விட்டது. ஏலக்காரருக்குத் தர வேண்டிய 1,800 ரூபாய் மட்டும் நின்றது. கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வீட்டில் படகும் இல்லை, வலையும் இல்லை. படிவத்தின்படி அவருக்கு வீட்டைத் தவிர வேறு நட்டமே இல்லை.

கடைசியில் இருந்த 'இதர' என்ற வரியில் கூடை, மீன், கடன் மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். கணினியில் அந்த வரிக்கு இடம் ஒதுக்கப்படாததால் அது பதிவாகவே இல்லை என்று இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது. இப்போது புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் வளர்ச்சிப் பொருளாதாரம் கற்பிக்கிறேன். இந்தத் துறையின் பெரிய சிந்தனையாளர்களில் யாரைப் படித்தாலும், அந்த அம்மாவின் கேள்விக்கு இவரிடம் என்ன பதில் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

பாடத்திட்டம் வழக்கமாக 1949 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் ஆற்றிய பதவியேற்பு உரையில் தொடங்கும். உலகின் பெரும் பகுதியை 'வளர்ச்சி குன்றிய பகுதிகள்' என்று பெயரிட்டு, அவற்றுக்குத் தொழில்நுட்ப உதவி தருவதை ஓர் அரசின் கொள்கையாக அறிவித்த உரை அது. அங்கிருந்து 1954இல் பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ் எழுதிய கட்டுரைக்கும், அமெரிக்கப் பொருளியலாளர் ரோஸ்டோ 1960இல் வெளியிட்ட வளர்ச்சிப் படிநிலைகள் பற்றிய நூலுக்கும் போவோம். எல்லா நாடுகளும் ஒரே ஐந்து படிகளில் ஏறியாக வேண்டும் என்ற ரோஸ்டோவை நான் ஒரு வகுப்புக்கு மேல் நடத்துவதில்லை. லூயிஸை அப்படித் தள்ள முடியாது. கரீபியக் கடலின் செயின்ட் லூசியா தீவில் பிறந்த அவர், வேளாண்மையில் தேங்கிக் கிடக்கும் உழைப்பு, கூலி பெரிதாக உயராமலேயே, நவீனத் தொழிலுக்கு எப்படி இழுக்கப்படுகிறது என்பதை விளக்கினார். விருத்தாசலத்திலிருந்து திருப்பூருக்குப் பேருந்து ஏறும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கட்டுரை நினைவுக்கு வரும். ஆனால் அவரது மாதிரியில் இருப்பவை இரண்டே துறைகள். விடியற்காலையில் கடனுக்கு மீன் எடுத்து மாலைக்குள் விற்றுத் தீர்க்கும் ஒரு பெண்ணை அந்த இரண்டில் எதில் வைப்பது?

அந்த இடத்தில் எனக்கு முதலில் கைகொடுத்தவர் அமர்த்தியா சென். 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தைப் பற்றி அவர் 1981இல் வெளியிட்ட ஆய்வை, உணவு குறைந்ததால் பஞ்சம் வரவில்லை என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அதற்குள் இருக்கும் மீனவர் கதையை யாரும் சொல்வதில்லை. அந்தப் பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட பிரிவினரில் விவசாயக் கூலிகளோடு மீனவர்களும் இருந்தார்கள். மீனைத் தின்று மட்டும் யாரும் வயிறு வளர்ப்பதில்லை. மீனை விற்று அரிசி வாங்கித்தான் உயிர் வாழ்கிறார்கள். அரிசி விலை ஏறி, மீன் வாங்குவோர் குறைந்தபோது, ஒரு கூடை மீனுக்குக் கிடைக்கும் அரிசி சுருங்கிப் போனது. கடலிலும் ஆற்றிலும் மீன் இருந்தும் மீனவன் பட்டினி கிடந்தான். ஒருவர் கையில் இருப்பதை வைத்து, சந்தையின் வழியாகவும் சட்டத்தின் வழியாகவும், எதையெல்லாம் தமக்கு உரியதாக ஆக்கிக்கொள்ள முடியும் என்ற அந்த மாற்றுத் திறனைத்தான் சென் உரிமைப்பேறு என்ற பொருளில் பேசினார். அந்த அம்மா இழந்ததும் அதையேதான். அலுமினியப் பாத்திரத்தின் விலை அற்பம். ஏலத்தில் கடனுக்கு மீன் தரும் நம்பிக்கை, நெல்லிக்குப்பத்தில் அவருக்காகக் காத்திருக்கும் வீடுகள், பேருந்தில் கூடையை ஏற்றிக்கொள்ளும் நடத்துனர் ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் அவருடைய கூடை.

சரி, படிவத்தில் அதற்கு ஏன் இடமில்லை? இதற்கு விடை தேடும்போது பிரிட்டிஷ் வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் என் வாசிப்பில் நடுநாயகமாக வந்து உட்கார்ந்தார். அவர் நமக்கு அந்நியர் அல்லர். 1970களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டு நெல் வயல்களில் பசுமைப் புரட்சியின் விளைவை ஆராய்ந்த குழுவில் பங்கேற்றவர். பிறகு 1983இல் வெளியான நூலில், கிராமத்துக்குப் போகும் அதிகாரிகளும் ஆய்வாளர்களும் வறுமையை எப்படித் தவறவிடுகிறார்கள் என்பதை ஈவிரக்கமின்றி எழுதினார். தார்ச்சாலை போகும் இடம் வரைதான் வாகனம் போகும். மழைக்காலத்தில், அதாவது ஏழைக்குப் பசியும் நோயும் கடனும் ஒன்றாக வரும் மாதங்களில், யாரும் வருவதில்லை. வந்தால் ஊர்ப் பெரியவரைப் பார்ப்பார்கள், ஆணிடம் பேசுவார்கள், திட்டம் நன்றாக நடக்கும் தெருவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். நானும் முதல் மூன்று நாள் பஞ்சாயத்தார் காட்டிய தெருக்களில்தான் நடந்தேன். வீட்டு வாசலில் நின்று "வீட்டுக்காரர் இருக்கிறாரா?" என்றுதான் கேட்டேன். பெண்ணின் உழைப்பு கணக்கேடுகளில் மறைந்துபோவதை டென்மார்க் பொருளியலாளர் எஸ்தர் போசரப் 1970லேயே நூலாக எழுதியிருந்தார். அதைப் பரீட்சைக்குப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவன்தான் நான்.

நம் பழைய தென் ஆற்காடு மாவட்டத்துக்கு இந்தத் துறையில் வேறொரு பங்கும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் ஆகியவற்றைக் கணக்கெடுக்கச் செய்தார். அவற்றில் ஒன்று, இப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் இருவேல்பட்டு. அதே ஊரை 1930களில், 1981இல், 2008இல் என்று வெவ்வேறு தலைமுறை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். ஒரே தெருவை 90 ஆண்டுக்கும் மேலாக விடாமல் பார்த்துவந்த ஆய்வு உலகத்திலேயே அரிது. மறுபடி போவது என்ற இந்த எளிய ஒழுக்கம் எந்தக் கோட்பாட்டுக்கும் குறைந்தது அல்ல என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் சேம்பர்ஸ் சொல்லும் காரணம் எனக்குப் பாதிதான் போதுமானதாக இருந்தது. என் கண்ணில் படாததால் மட்டும் கூடை விடுபடவில்லை. மீதிப் பாதியை அமெரிக்க மானிடவியலாளர் ஜேம்ஸ் ஃபெர்குசனிடம் கண்டேன். தென் ஆப்பிரிக்காவால் சூழப்பட்ட சின்ன நாடான லெசோத்தோவில் நடந்த ஒரு வளர்ச்சித் திட்டத்தைப் பற்றி அவர் 1990இல் எழுதினார். அந்நாட்டு ஆண்கள் பல தலைமுறைகளாகத் தென் ஆப்பிரிக்கச் சுரங்கங்களில் கூலிக்கு உழைத்துப் பிழைத்தவர்கள். ஆனால் உதவி நிறுவனங்களின் அறிக்கைகளோ அதைச் சந்தையே எட்டாத ஒரு குடியானவர் நாடாகச் சித்திரித்தன. காரணம், அந்த நிறுவனங்களால் தரக்கூடியது வேளாண் திட்டமும் சாலையும்தான். நாட்டின் சிக்கல் அவற்றால் தீரக்கூடியதாக இருந்தால்தான் திட்டத்துக்கு வேலை இருக்கும். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் படகைக் கேட்டதற்குக் காரணம், எங்கள் நிறுவனத்துக்கு வந்த நன்கொடை படகு வாங்கித் தருவதற்கானது என்பதே. தருபவரிடம் எது இருக்கிறதோ, அதுவே பெறுபவரின் தேவையாகப் படிவத்தில் அச்சாகிவிடுகிறது.

படகுகள் வந்தன, ஏராளமாக வந்தன. இழந்ததைவிட அதிகமான ஃபைபர் படகுகள் பல குப்பங்களில் இறங்கின. கட்டுமரம் அநேகமாக வழக்கொழிந்தது. அளவான மீனுக்குப் பலர் போட்டியிட வேண்டியதாயிற்று. பொதுச் சொத்து என்றால் ஆளாளுக்கு அள்ளி அழித்துவிடுவார்கள் என்று 1968இல் அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதியதை மேற்கோள் காட்டி, மீனவரைக் குறைசொன்ன பேச்சுகளையும் அப்போது கேட்டேன். அமெரிக்க அரசியல் அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் அதற்குக் கொடுத்த பதில், துருக்கி நாட்டின் அலான்யா என்ற கடற்கரை ஊரிலிருந்து வருகிறது. அவர் விவரித்த காலத்தில் அங்கே ஒவ்வொரு செப்டம்பரிலும் மீன்பிடிக்கத் தகுதியுள்ளவர்களின் பட்டியல் தயாராகும்; வலை விரிக்கும் இடங்களுக்குப் பெயரிட்டுச் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள்; அதன்பின் ஜனவரி வரை ஒவ்வொருவரும் நாளுக்கு ஓர் இடம் கிழக்கே நகர்வார்கள், பிறகு மேற்கே திரும்புவார்கள். நல்ல இடம் எல்லோருக்கும் ஒருமுறை கிடைக்கும். ஏமாற்றினால் அன்றைய முறைக்காரரே கண்டுபிடித்துவிடுவார். இதைப் படிக்கும் கடலூர்க்காரருக்கு ஒன்றும் புதிதாக இருக்காது. எந்த வலை, எந்த நாள், எந்தப் பாடு என்பதையெல்லாம் நம் ஊர்ப் பஞ்சாயத்துகள் தீர்மானித்து, மீறினால் தண்டம் போட்டு வந்திருக்கின்றன.

ஆனால் ஆஸ்ட்ரமை நம் கரையில் படிக்கும்போது இரண்டு இடங்களில் நெருடுகிறது. மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கி அள்ளும் சுருக்குவலையைப் பற்றிய தகராறு ஒரே குப்பத்துக்குள் தீரக்கூடியதாக இருக்கவில்லை. குப்பத்துக்கும் குப்பத்துக்கும் பகையாகி, அரசின் தடை வரை போய், உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில், 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்று இடைக்கால அனுமதி தரும் அளவுக்கு நீண்டது. இரண்டாவது நெருடல் இன்னும் பெரியது. நான் கணக்கெடுத்த குப்பத்தில், திருமணமான ஆண்தான் ஊருக்கு வரி கட்டும் உறுப்பினர். வந்த நிவாரணத்தைப் பஞ்சாயத்து வரிக்கணக்குப்படி சமமாகப் பங்கிட்டது; பஞ்சாயத்தார் நேர்மையாகத்தான் நடந்தார்கள். கூடைக்கார அம்மாவுக்கு அரை வரி, அதனால் பங்கும் பாதிதான். நிறுவனத்தின் படிவத்திலும் ஊரின் ஏட்டிலும் அவருக்கு முழு இடம் கிடைக்கவில்லை. உள்ளூர் அமைப்பிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுபவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வது வழக்கம்.

எண்களே வேண்டாம் என்று இதற்குப் பொருள் அல்ல. பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் 1990இல் மனித வளர்ச்சி அறிக்கையைக் கொண்டுவந்தபோது, ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் ஒரே எண்ணாகச் சுருக்குவது மிகையான எளிமை என்று அவருடைய நண்பரான சென்னே தயங்கினார். தேசிய வருமானம் என்ற முரட்டு எண்ணை நாற்காலியிலிருந்து இறக்க, அதே அளவு எளிய இன்னொரு எண் வேண்டும் என்பதே ஹக்கின் வாதம். காலம் ஹக்கின் பக்கம் நின்றது. 2019இல் நோபல் பரிசு பெற்ற பானர்ஜி, டுஃப்லோ, கிரெமர் மூவரின் களச் சோதனை முறையையும் நான் மதிக்கிறேன். எந்தத் திட்டம் பலித்தது என்பதை ஊகிக்காமல் அளந்து சொல்கிறார்கள். ஆனால் படகு கொடுத்த ஊரையும் கொடுக்காத ஊரையும் எவ்வளவு துல்லியமாக ஒப்பிட்டாலும், கூடையைப் பற்றிய கேள்வி அந்த ஒப்பீட்டிலிருந்து தானாகப் பிறக்காது.

புதுச்சேரிப் பக்கம் நல்லவாட்டில் நடந்ததையும் மாணவர்களுக்குச் சொல்வேன். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரத்தை நாள்தோறும் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சுனாமி அன்று, சிங்கப்பூரில் இருந்த ஓர் இளைஞர் தொலைபேசியில் எச்சரிக்க, நல்லவாட்டு மையத்தின் ஒலிபெருக்கி ஊரையே கரையிலிருந்து கிளப்பியது. புயலும் அலையும் அறியத்தான் அந்த ஒலிபெருக்கிக் குழாய் கட்டப்பட்டது. ஆனால் அது ஊராரின் கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால்தான், யாரும் எதிர்பாராத ஒரு செய்தியை அதில் சொல்ல முடிந்தது.

சில ஆண்டுகளாக, முதலாண்டு மாணவர்களைக் கேள்வித்தாள் இல்லாமல் விடியற்காலையில் புதுச்சேரியின் குபேர் அங்காடிக்கும் கடலூர்த் துறைமுகத்துக்கும் அனுப்புகிறேன். மீன் விற்கும் பெண்களிடம், "உங்களிடம் என்ன கேட்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டு வரச் சொல்வேன். போன முறை நான்கு மாணவிகள் ஒரே பதிலோடு திரும்பினார்கள். காலை மூன்று மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் மதியம் வரை ஒதுங்க இடமில்லை, அதனால் தண்ணீரே குடிப்பதில்லை, அதைப் பற்றி இதுவரை யாரும் விசாரித்ததில்லை என்று அந்தப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஆண்டுப் படிவத்தில் அதுதான் முதல் கேள்வி. கூடை நான்காவது.