புதுப்பேட்டை பின்பக்கம், மாருதி முன்பக்கம்

செங்குன்றம் பக்கம் அக்காவுக்கு ஒரு நர்சரி இருக்கிறது. மழை பிடித்தால் உள்ளே போகும் மண்பாதை சேறாகிவிடும். தள்ளுவண்டியில் நாலு உர மூட்டை ஏற்றினால் பாதி தூரத்தில் சக்கரம் புதைந்துவிடும். தள்ளித் தள்ளியே அக்காவுக்கு முட்டிவலி வந்துவிட்டது. "தம்பி, உன் பட்டறையில கிடக்கிற இரும்பை வச்சு எனக்கு ஒரு வண்டி பண்ணிக் கொடேன்" என்றாள். அம்பத்தூரில் எனக்குச் சின்ன லேத் பட்டறை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை பார்த்து முடிக்க நாலு மாசம் ஆனது.

நான் யோசித்தது என்ஜின் வைத்த ஒரு நாலு சக்கரச் சரக்கு வண்டி. அதன் பின்பக்கம் ஆட்டோவுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்ஜின், கியர்பாக்ஸ், இரண்டு பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், ரிவர்ஸ் கியர் எல்லாம் ஒரே கட்டாகக் கிடைக்கும். செயின், ஸ்ப்ராக்கெட் என்று தனித்தனியாக அலைய வேண்டாம். சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு பாய் கடையில் 4 ஸ்ட்ரோக் பெட்ரோல் என்ஜினோடு முழுப் பின்பக்கமும் இருந்தது. பிளக்கைக் கழற்றி, ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு என்ஜினைச் சுற்றச் சொன்னேன். காற்று விரலைத் தள்ளியது. சரி, கம்ப்ரஷன் இருக்கிறது. அப்புறம் கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கி விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தேன். வெள்ளிப் பொடி மாதிரி மினுக்கினால் உள்ளே பல் தேய்கிறது என்று அர்த்தம். இது வெறும் கறுப்பாகத்தான் இருந்தது. என்ஜின் நம்பர் எழுதிய பில்லும், ரத்தான ஆர்.சி.யின் நகலும் கையில் வாங்கிய பிறகுதான் பணம் கொடுத்தேன். பழைய என்ஜின் வாங்குகிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

முன்பக்கத்துக்கு மாருதி 800. வீட்டுக்குப் பக்கத்துக் காயலான் கடையில் உடைக்க வந்திருந்த காரிலிருந்து ஸ்டீயரிங் ராக், ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக்), சக்கரம் மாட்டும் ஹப், டிஸ்க் பிரேக் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். இங்கேதான் ஒரு தப்பு செய்தேன். மாருதியில் என்ஜின் முன்சக்கரத்தைத்தான் சுற்றும்; நம் வண்டியில் முன்சக்கரம் சும்மா உருளப் போகிறது, அதைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்ட் எதற்கு என்று இரண்டையும் உருவிப் போட்டுவிட்டேன். ஒரு நாள் தள்ளிப் பார்த்ததற்கே வலது சக்கரம் ஆட ஆரம்பித்தது. அந்த ஹப்பில் பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பதே ஷாஃப்டின் நுனியும் அதன் பெரிய நட்டும்தான். மறுபடி கடைக்கு ஓடினேன். நல்லவேளை, குவியலிலேயே கிடந்தது. ஷாஃப்டின் சக்கரப் பக்க மூட்டான வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டு, புது பேரிங் போட்டு நட்டை முறுக்கினேன். சக்கரம் இப்போது அசைவில்லாமல் சுற்றுகிறது.

ஃபிரேம் 50க்கு 50 மி.மீ., 3 மி.மீ. கனமுள்ள சதுர பைப். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் சும்மா கிடைத்தும் எடுக்கவில்லை. வெல்டிங் சூட்டில் அதன் துத்தநாகப் புகை நெஞ்சைக் கெடுக்கும். எல்லா மூலையிலும் முதலில் டேக் (சின்னப் புள்ளி வெல்டு) மட்டும் அடித்து, குறுக்கே மூலைக்கு மூலை டேப் பிடித்தேன். இரண்டு அளவும் ஒன்றாக வந்த பிறகுதான் முழு வெல்டிங். அதுவும் ஒரு மூலையில் கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி. ஒரே பக்கமாக அடித்தால் சூட்டில் பைப் இழுத்துக்கொள்ளும். வெல்டிங் எர்த்தை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்தால் உள்ளே பொறி தட்டி, புது பேரிங்கும் கெட்டுவிடும்.

ஆட்டோவில் கியர் ஹேண்டில்பாரின் இடது பிடியில் இருக்கும். நம் வண்டிக்கோ ஸ்டீயரிங் வீல். ரொம்ப நாள் யோசித்து, அந்த இடது பக்கத் துண்டை மட்டும் கிளட்ச் லீவரோடு வெட்டி, சீட்டுக்கு இடப்புறம் நிமிர்த்தி வெல்டு வைத்தேன். ஆட்டோவின் கேபிள்களே நீளம் போதுமானதாக இருந்தன. ஆக்சிலேட்டருக்குக் காலில் மாருதி பெடல். இந்த வண்டியிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த வேலை அந்தக் கியர் பிடிதான்.

பிரேக் விஷயத்தில் மட்டும் பழசே வேண்டாம். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். நான் முதலில் பழையதைத்தான் மாட்டினேன். பிரேக் லைனில் இருந்த ஏரை எடுத்த பிறகு பெடல் கெட்டியாகத்தான் நின்றது. ஆனால் மிதித்த காலை எடுக்காமல் அப்படியே அழுத்தி வைத்திருந்தால், மெதுவாக, ரொம்ப மெதுவாகக் கீழே இறங்கியது. எங்கேயும் கசிவு இல்லை. உள்ளே ரப்பர் சீல் போயிருக்கிறது. அக்கா உட்காரப் போகிற வண்டி! அன்றைக்கே மாஸ்டர் சிலிண்டர், பின்சக்கரச் சிலிண்டர்கள், ஹோஸ், ஆயில் எல்லாம் புதுசு வாங்கி மாற்றினேன்.

பட்டறை வாசலில் காலி வண்டியை ஓட்டியபோது ஸ்டீயரிங் திருப்பியும் வண்டி நேராகவே வழுக்கியது. என்ஜின் எடை முழுக்கப் பின்னால், முன்சக்கரத்தின் மேல் பாரமே இல்லை. சரக்குத் தட்டை ஒரு அடி முன்னால் தள்ளி, பேட்டரியையும் சீட்டுக்கு முன்னால் கொண்டுபோன பிறகு சரியானது. ஆட்டோ என்பது டிரைவரோடு நாலு பேரைச் சுமக்கச் செய்தது. அதனால் 250 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று தட்டிலேயே பெயின்டில் எழுதிவிட்டேன்.

பதிவு இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டச் சட்டம் விடாது. ஓட்டவும் கூடாது. ஒரு குட்டியானையில் ஏற்றித்தான் செங்குன்றம் கொண்டுபோனேன். இறக்கிய அன்று நல்ல மழை. அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, ஆறு மூட்டை மண்புழு உரத்தோடு முதல் கியரிலேயே கிணற்றடி வரைக்கும் போய், ரிவர்ஸ் போட்டுத் திரும்பி வந்தாள். இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "மேல கூரை எப்பப் போடுவ?" நாலு பைப்பும் ஒரு தார்ப்பாயும் எடுத்து வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு போகணும்.