பாடத்தின் ஓரங்களில் கிளம்பும் சத்தம்

வகுப்பில் சத்தம் எந்தெந்த நேரத்தில் கிளம்புகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பாடத்தின் நடுவைவிட அதன் ஓரங்களில்தான் தொல்லை அதிகம்: நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும்போது, கணக்கை முதலில் முடித்தவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஆசிரியர் முதுகைக் காட்டிக்கொண்டு பலகை நிறைய எழுதும்போது. ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்புகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970இல் முடிவுகளை வெளியிட்டார். ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதால் வகுப்பின் ஒழுங்கு பெரிதாக மாறவில்லை. அறை முழுவதும் அவர் கண்ணில் இருப்பதும், ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தடங்கலின்றி நகர்வதும்தான் மாற்றின.

எனவே வேலை மாறும் நேரத்தைப் பாடம்போலவே சொல்லித்தர வேண்டும். நோட்டு எந்த வரிசையில் வரும், குழுவாக உட்கார யார் எந்தப் பக்கம் நகர்வது என்பதைச் செய்து காட்டி, ஆண்டின் முதல் வாரத்திலேயே சில முறை ஒத்திகை பார்க்கலாம். அதற்குப் போகும் நேரம் பிறகு பல மடங்காகத் திரும்பி வரும். கட்டளை இடும் முன் எல்லாரும் கையிலிருப்பதை வைத்துவிட்டு நிமிரும்வரை காத்திருங்கள். பேச்சுச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொல்லும் கட்டளை பாதிப் பேருக்குத்தான் போய்ச் சேரும். என்ன செய்வது, யாருடன், எவ்வளவு நேரம், முடித்தவர் அடுத்து என்ன செய்வது ஆகிய நான்கையும் பலகையிலும் எழுதிவிடுங்கள். நான்காவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். சேட்டை அங்கேதான் பிறக்கிறது. “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லாத் தலையும் ஆடும். முதலில் செய்ய வேண்டியது என்ன என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் உண்மை வெளிவரும்.

கேள்வி கேட்டபின் காத்திருப்பதும் இதோடு சேர்ந்ததே. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட ஆய்வுகளின்படி, ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன; மந்தமானவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் பேசினார்கள். வகுப்பின் முன் நிற்பவருக்கு மூன்று நொடி யுகமாகத் தோன்றும். மனத்துக்குள் எண்ணிக்கொள்வது நல்லது.

பலவகைப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் இலக்கு ஒன்றாகவே இருக்கட்டும், வழி மாறட்டும். கவனம் சிதறும் பிள்ளைக்குப் பத்துக் கணக்கை ஒரே தாளில் தராமல், ஐந்து ஐந்தாக இரண்டு தாளில் தரலாம். காது சரியாகக் கேட்காதவருக்கு ஆசிரியரின் முகம் தெரிய வேண்டும். பலகையைப் பார்த்துப் பேசினால் அவருக்குப் பாடமே இல்லை. பார்வை குறைந்தவருக்காக, எழுதுவதை வாய்விட்டும் சொல்ல வேண்டும். வாசிக்கத் திணறுபவரை முன்னறிவிப்பில்லாமல் எழுப்பி வாசிக்கச் சொல்லக் கூடாது. அந்த அவமானத்தைத் தவிர்க்க அவர் வேண்டுமென்றே ரகளை செய்து வெளியே போவார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு, அன்றைய வேலைகள் வரிசையாகப் பலகையில் இருந்து, மாற்றமும் முன்கூட்டியே தெரிந்தால் பதற்றம் குறையும். ஆனால் ஒரே பிள்ளைக்கு எப்போதும் எளிய வேலையே கொடுப்பது உதவி ஆகாது. அவர் அங்கேயே தங்கிவிடுவார்.

ஒருவரின் தொல்லை மட்டும் தொடர்ந்தால், அதற்கு முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பிறகு அவருக்கு என்ன கிடைத்தது என்று தாளில் மூன்று நெடுவரிசை போட்டு எழுதி வாருங்கள். சில பதிவுகளிலேயே போக்கு தெரியத் தொடங்கும். கணக்கிலிருந்து தப்ப நினைப்பவரை வெளியே நிறுத்தினால் கேட்டதைக் கொடுத்ததாகிவிடும். பிறர் கவனத்துக்காகச் செய்பவரைத் திட்டினாலும் அப்படித்தான். கண்டுகொள்ளாமல் விடலாம். ஆனால் அந்த நடத்தை குறைவதற்கு முன் சில நாள் அதிகரிக்கலாம். பலர் அப்போதுதான் பொறுமையிழந்து திட்டுகிறார்கள். இன்னும் உரக்கக் கத்தினால் பலன் உண்டு என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. அதே பிள்ளை கை தூக்கும்போது உடனே கவனிக்காவிட்டால் இந்த முறையே வீண். அடி, காயம் என்று போனால் கண்டுகொள்ளாமல் இருக்கும் பேச்சுக்கே இடமில்லை.

பாராட்டும்போது “வெரி குட்” என்று நிறுத்தாமல் எதைச் சரியாகச் செய்தார் என்று சொல்லுங்கள். பரிசில் எச்சரிக்கை தேவை. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைய விரும்பிய மழலையர் சிலருக்குச் சான்றிதழ் தருவதாக முன்பே சொல்லி வரையவைத்தார்கள். பின்னர் அவர்களே விருப்ப நேரத்தில் குறைவாக வரைந்தார்கள். பிடித்த வேலைக்குப் பரிசு வேண்டாம். பிடிக்காத வேலையைத் தொடங்கவைக்கக் கொடுத்து, படிப்படியாகக் குறைக்கலாம்.

திருத்துவதைப் பக்கத்தில் போய், தணிந்த குரலில், ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அங்கேயே நின்று முறைத்தால் சுற்றியிருப்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அவர்கள் முன்னால் அந்தப் பிள்ளையால் இறங்கிவர முடியாது.