கோணிய ஷட்டரும் கணினியும்

தஞ்சாவூருக்கு அருகிலுள்ள எங்கள் பட்டறையில், ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கும் முன் முடிக்க வேண்டிய வாய்க்கால் மதகின் ஷட்டர் ஒன்று, வெல்டிங் ஆறியதும் நடுவில் வளைந்து காடிக்குள் இறங்க மறுத்தது. சுமார் 1500 டிகிரி செல்சியஸில் உருகிய உலோகம் ஆறும்போது சுருங்க முயல்கிறது. சுற்றியிருக்கும் குளிர்ந்த தகடு அதைத் தடுக்கிறது. அந்த இழுபறியே கோணலாகத் தங்கிவிடுகிறது.

கணினியில் தகட்டைச் சிறு கூறுகளாகப் பிரித்து, வெல்டிங் வெப்பம் உலோகத்துக்குள் எப்படிப் பரவி இறங்குகிறது என்பதைக் கணக்கிட 1984இல் கனடா ஆய்வாளர் கோல்டாக்கின் குழுவினர் வெளியிட்ட வெப்ப மாதிரியை வெல்டிங் செல்லும் பாதையில் நகர்த்தினால், எந்த வரிசையில் வெல்டிங் வைத்தால் கோணல் குறையும் என்பதை இரும்பைத் தொடாமலே ஒப்பிடலாம். நடுவில் தொடங்கி இருபுறமும் மாறி மாறி வைக்கும் வரிசையே எங்களுக்குக் கைகொடுத்தது. எங்கள் மூத்த வெல்டர் அதைத்தான் முதலிலேயே சொன்னார், நான்தான் கேட்கவில்லை.