விரல் எண்ணும் வேலை

மே 29, புதன்

அனுமதி வந்துவிட்டது. ஹாமார் நாய்க் கண்காட்சியில், லுண்டஹுண்ட் என்ற நோர்வே நாய் இனத்தின் ரிங்கில் நான் பயிலுநர் நடுவராக நிற்கலாம்.

ஏழு வருஷமாக ரிங் ஓரத்து மேசையில் இருந்து, நடுவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தவள் நான். நோர்வேயில் நாய்க்குத் தரத்தை மட்டும் சொல்லி அனுப்புவதில்லை. தலை, பல், நெஞ்சு, கால், நடை என்று நாலைந்து வரிக் குறிப்பும் எழுதிச் சொந்தக்காரரின் கையில் கொடுக்க வேண்டும். அந்த வரிகளை எழுதி எழுதித்தான் எனக்கு நாய் பார்க்கவே பழகியது. இனி நானே பார்த்து நானே எழுத வேண்டும். தரத்தைக் காட்டும் நாடாவைக் கொடுப்பது நடுவர்தான். என் தீர்ப்பால் யாருக்கும் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் பிறகு என் குறிப்பையும் தன் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் கேள்வி கேட்பார். அதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

மகள் பதினொரு வயதில் பக்கத்து வீட்டுக்காரரின் சாம்பல் நிற எல்க்ஹவுண்ட் நாயை ரிங்கில் நடத்தத் தொடங்கியதால் வந்த வினை இது. அவள் இரண்டு வருஷத்தில் விட்டுவிட்டாள். நான் விடவில்லை.

ஜூன் 3, திங்கள்

இரவு வேலை முடிந்து வந்து ஸ்டாண்டர்டை, அதாவது இந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிற ஏட்டை, மறுபடியும் வாசித்தேன். எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச நாய்ச் சங்கத்தின் பட்டியலில் இலக்கம் 265. ஐந்தாம் குழு, வடநாட்டு வேட்டை நாய்கள் பிரிவு. எல்க் மானை மறித்து நின்று குரைக்கும் எல்க்ஹவுண்ட், கரடிக்கு முன்னால் போய் நிற்கும் கரேலியன் நாய், மரக்கிளையில் இருக்கும் காட்டுச்சேவலைக் கண்டதும் குரைத்தே வேட்டைக்காரனை வரவழைக்கும் ஃபின்லாந்து ஸ்பிட்ஸ், எல்லாம் இந்தப் பிரிவில்தான். அவற்றுக்கு நடுவில் ஏழு கிலோவில் இது ஒன்று. ஆண் 35 முதல் 38 செ.மீ. உயரம், பெண் 32 முதல் 35. இது பிடித்தது மானும் இல்லை, கரடியும் இல்லை. பஃபின் என்ற கடற்பறவை. நோர்வே மொழியில் அதன் பெயர் லுண்ட.

பஃபின் கடலோரச் சரிவுகளில் பொந்துக்குள் போய் ஒரேயொரு முட்டை இடும். வளைந்து போகிற பொந்து, மனிதக் கைக்கு எட்டாது. நாய் உள்ளே நுழைந்து பறவையை உயிரோடு கவ்விக்கொண்டு வரும். 1591இல் ஷோன்னெபோல் என்பவர் லோஃபோட்டன் பகுதியைப் பற்றி எழுதிய விவரணத்திலேயே இந்த நாய் வந்துவிடுகிறது.

ஸ்டாண்டர்டில் பாதி அந்தப் பொந்துக்காக எழுதியது போல இருக்கிறது. முன்பாதத்தில் குறைந்தது ஆறு விரல், அதில் ஐந்து நிலத்தில் ஊன்ற வேண்டும். பின்பாதத்திலும் ஆறு, ஊன்றுவது நான்கு. காதின் குருத்தெலும்பு சுருங்கும். காதைப் பின்பக்கமாகவோ மேல்பக்கமாகவோ மடித்துத் துவாரத்தை மூடிக்கொள்ளும். கழுத்தை முதுகில் படும்வரை பின்னால் வளைக்கும். முன்கால்களை இரண்டு பக்கமும் சிலுவை மாதிரி விரிக்கும்.

பல்லைப் பற்றிய பகுதியில் எனக்குச் சிரிப்பு வந்தது. "முன்கடைவாய்ப் பல் ஒன்று குறைவு" என்று எத்தனை நாய்களுக்கு எழுதிக் கொடுத்திருப்பேன்! அதை வாசித்து முகம் கறுத்துப் போனவர்கள் எத்தனை பேர்! இங்கே முன்கடைவாய்ப் பற்கள் இல்லாவிட்டாலும் பிழை இல்லை. கீழ்த்தாடை கொஞ்சம் முன்தள்ளினாலும் சரி.

பின்னேரம் அம்மாவுக்கு யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தபோது இதைச் சொன்னேன்.

"ஆறு விரலோ? ஆறு விரல் எண்டால் அதிர்ஷ்டம் எல்லோ, பிள்ளை."

"ஆறுக்குக் குறைஞ்சால் இஞ்சை பிழை அம்மா."

"எங்கடை கடைக்கார மாமாவுக்கும் ஆறு விரல்தான். ஒரு நாளும் ஒரு பரிசும் எடுக்கேல்லை அந்த மனிசன்."

ஜூன் 7, வெள்ளி

மியோசா ஏரியை ஒட்டி வந்த வழி முழுக்க என் கணவர் காரை ஓட்ட, நான் "முன்பாதம் நீள்வட்டம், சற்று வெளித்திரும்பியது" என்று பாடமாக்கிக்கொண்டு வந்தேன். "சோதினைக்குப் போற பிள்ளை மாதிரி இருக்கிறாய்" என்றார். உண்மைதான்.

இந்த இனத்தைக் காப்பாற்றிய எலெனோர் கிறிஸ்டி இந்த ஹாமார் பக்கம்தான் இருந்தவர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பஃபின் பிடிக்க வலை வந்தது. வலைக்குச் சாப்பாடு போடத் தேவையில்லை. நாய்க்கோ வரியும் கட்ட வேண்டியிருந்தது. ஊர் ஊராக நாய்கள் இல்லாமல் போயின. லோஃபோட்டனின் தெற்கே வேரோய் தீவில், மோஸ்தாட் என்ற ஒதுக்குப்புற ஊரில் மட்டும் பழைய வேட்டையும் நாயும் மிஞ்சின. 1925இல் சிகுர்ட் ஸ்காவுன் அதைப் பற்றி வேட்டைச் சஞ்சிகையில் எழுதினார். பிறகு கிறிஸ்டி மோஸ்தாட்டில் இருந்த மோன்ராட் மோஸ்தாட் என்பவருடன் தொடர்புகொண்டு, 1939இல் நாலு குட்டிகளைத் தருவித்தார். மூன்று பெண், ஒரு ஆண். 1943இல் இனத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது.

அதே போர்க்காலத்தில் தீவில் டிஸ்டெம்பர் நோய் வந்து நாய்களை வாரிக்கொண்டு போயிற்று. இங்கே பிறந்த குட்டிகளைத் திரும்ப வடக்கே அனுப்பினார் கிறிஸ்டி. அனுப்பிய கையோடு நோய் இங்கேயும் வந்து அவருடைய நாய்களையும் கொண்டுபோனது. அனுப்பாமல் வைத்திருந்தால் நாளைக்கு நான் எண்ணுவதற்கு ஒரு விரலும் இருந்திராது.

நித்திரை வரவில்லை. வெளியே இன்னும் வெளிச்சம்.

ஜூன் 8, சனி

பதினொரு நாய்கள். நடுவர் எழுபதை நெருங்கும் பெண்மணி. சிரிக்கவும் மாட்டார், அதட்டவும் மாட்டார். கையில் ஒரு தாளைத் தந்து, "என் முகத்தைப் பார்க்காதே, நாயைப் பார்" என்றார்.

முதல் நாயை மேசையில் ஏற்றியதும் பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். படத்தில் பார்ப்பது வேறு. கையில் பிடித்தால் முற்றிய இஞ்சிக் கிழங்கு மாதிரி இருக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் முளை விட்டு. சதைத் திண்டுகளும் கூட, முன்பாதத்தில் எட்டு. உள்பக்க விரல்களை அமத்தினால் திருப்பி அமத்துகின்றன; ஒட்டிவைத்த விரல் இல்லை, தசைநாரோடு வேலை செய்கிற விரல். நோர்வே மொழியில் குறிப்பு எழுதுகிறவள், எண்ணும்போது மட்டும் வாய்க்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் எண்ணினேன்.

மூன்றாவது நாய், இளம் ஆண். மேசையில் எல்லாம் சரி. ரிங்கைச் சுற்றி ஓடத் தொடங்கியதும் முன்கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாகச் சுழன்று சுழன்று வந்தன, தண்ணீரில் துடுப்புப் போடுகிற மாதிரி. எனக்குப் பழகிய கை தானாக எழுதிவிட்டது: "முன்பக்கம் தளர்வு. வெரி குட்." நீல நாடா.

நாலாவது, மூன்று வயதுப் பெண். வடிவான தலை, மஞ்சள் கலந்த பழுப்புக் கண், அதில் மணியைச் சுற்றிக் கருவளையம். நேர்கோடு கீறிய மாதிரி நடந்தது. சந்தோஷமாக "எக்ஸலென்ட்" போட்டேன். சிவப்பு நாடா.

நடுவர் கொடுத்தது தலைகீழ். ஆணுக்குச் சிவப்பு, பெண்ணுக்கு நீலம்.

மத்தியானம் பாண் துண்டைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "நாலாவதின் நடை உனக்கு ஏன் பிடித்தது?"

"சுத்தமாக இருந்தது."

"சுத்தம்தான். ஆனால் வேறொரு நாய் நடக்கிற மாதிரி நடந்தது."

முன்காலின் சுழற்சி இந்த இனத்தின் அடையாளம் என்று ஸ்டாண்டர்டில் இருக்கிறது. பின்கால்கள் கொஞ்சம் நெருங்கி நடப்பதும் அப்படித்தான். திங்கட்கிழமை வாசித்தது, நேற்று காரில் பாடமாக்கியது. மனதில் இருந்தது கண்ணுக்கு வரவில்லை. ஏழு வருஷம் மற்ற இனங்களுக்கு எழுதிய வரிகள் கண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

பக்கத்து ரிங்கில் எல்க்ஹவுண்ட்கள். ஒரே சத்தம். பச்சைக் காற்சட்டையும் சப்பாத்துமாக, காட்டிலிருந்து நேரே வந்த மாதிரி ஆட்கள். அவர்களுடைய நாய்க்கு இங்கே எத்தனை சிவப்பு நாடா கிடைத்தாலும், வேட்டைச் சோதனையில் பரிசு எடுக்காமல் சாம்பியன் பட்டம் இல்லை. நடுவர் தவறவிட்டதை இலையுதிர்காலத்தில் காடு பிடித்துவிடும். எங்கள் ரிங்கில் அப்படி ஒரு காடு இல்லை. பஃபின் வேட்டையே இல்லாதபோது எங்கே கொண்டுபோய்ச் சோதிப்பது?

எட்டாவதாக வந்தது ஒரு கிழட்டுப் பெண் நாய், பத்து வயது. மயிர் மினுக்கம் இல்லை. நடுவரின் கை விலாவில் கொஞ்ச நேரம் நின்றது. "சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?" என்று கேட்டார். சொந்தக்காரர், "இந்தக் கிழமை பரவாயில்லை" என்றார். குறிப்பில் இது வரவில்லை. "வயதுக்கு நல்ல உற்சாகம்" என்று மட்டும் சொல்லி எழுதுவித்தார்.

ரிங்குக்கு வெளியே ஒரு பெடியன் தன் நாயின் தலையைப் பிடித்து மெல்லப் பின்னால் வளைத்துக் காட்டினான். உச்சந்தலை போய் முதுகில் தொட்டது. நாய்க்கு ஒரு கவலையும் இல்லை, என்னையே தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தது. காது மடிவதைப் பார்க்கத்தான் நாள் முழுக்க ஆசைப்பட்டேன். ஒரு நாயும் மடிக்கவில்லை. மண் கொட்டாத இடத்தில் எதற்கு மடிக்கும்?

ஜூன் 9, ஞாயிறு

பதினொன்றில் ஏழு ஒத்துப்போயிற்று. நடுவர் என் தாளின் அடியில் எழுதியிருந்தது: "கை நன்றாகப் பார்க்கிறது. கண் இன்னும் பழகவில்லை."

கால் உளைவு. இன்றைக்கு இவ்வளவுதான்.

ஜூன் 12, புதன்

அந்த நாலாவது நாய் மனதை விட்டுப் போகவில்லை.

இன்று உலகத்தில் இருக்கிற லுண்டஹுண்டுகள் எல்லாம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாய்களின் வழிவந்தவை. ஆறு விரல் கூடத் தேவைப்படாது என்கிறார்கள். ஒரே இரத்தத்துக்குள் இத்தனை தலைமுறை. அதன் விலைதான் அந்தக் கிழட்டு நாயின் விலாவில் நடுவர் தேடியது: குடலில் நிணநீர்க் குழாய்கள் வீங்கி, சாப்பாட்டில் உள்ள புரதம் உடம்பில் சேராமல் கசிந்துபோகும் நோய். இந்த இனத்தில் அது சாதாரணம்.

அதனால் நோர்வேயில் புஹுண்ட், ஐஸ்லாந்து மேய்ப்பு நாய், சுவீடனின் நோர்போட்டன் ஸ்பிட்ஸ் ஆகியவற்றோடு கலப்புச் செய்து பார்க்கிறார்கள். ஆட்கள் இரண்டு பட்டு நிற்கிறார்கள். விரல் போய்விடும், காது போய்விடும் என்று ஒரு பக்கம். நாயே போய்விடும் என்று மறு பக்கம். நான் இரண்டாவது பக்கம்.

நீல நாடா ஒன்றும் தண்டனை இல்லைதான். ஆனால் அதைக் கையில் வாங்கியபோது அந்தச் சொந்தக்காரரின் முகத்தைப் பார்த்தேன். "சரி, இதில் குட்டி எடுக்க வேண்டாம்" என்று முடிவெடுக்கிற முகம். எல்க்ஹவுண்டில் ஒரு பெண் நாயை ஒதுக்கினால் நூறு இருக்கும். இங்கே?

நடுவருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டேன். மூன்றே வரியில் பதில். கண்டதை எழுதத்தான் நடுவர். குட்டி எடுப்பது வளர்ப்பவர் பாடு. நாடாவைப் பார்த்து மட்டும் முடிவெடுக்கிறவர் குறிப்பை வாசிக்கவில்லை என்று அர்த்தம்.

அவர் சொல்வது ஞாயம். ஆனாலும் நாளைக்கு அந்த நாய் என் முன்னால் வந்தால், நடையைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டுச் சிவப்பு நாடாவைத்தான் கொடுப்பேன் போலிருக்கிறது. அதற்குப் பிறகு எனக்கு நடுவர் உரிமம் தருவார்களோ தெரியாது.

ஜூன் 27, வியாழன்

பூடோவிலிருந்து கப்பல். என் கணவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, பாவம். வேரோயில் இறங்கியதும் ஒரு நிமிஷம் கரையில் குந்திவிட்டார்.

மோஸ்தாட்டுக்குச் சாலை இல்லை. படகில் போகலாம், அல்லது கடலை ஒரு பக்கமும் மலையை மறு பக்கமும் வைத்து நடக்கலாம். நடந்தோம். ஈரக் கல், புல் மூடிய குழி, மறுபடி ஈரக் கல். இரண்டு இடத்தில் நான் கையை அகல விரித்துப் பாறையைக் கட்டிப்பிடித்து, நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் போனேன். அவர் பின்னால் இருந்து படம் எடுத்தார். ஒருவருக்கும் காட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஊரில் இப்போது நிரந்தரமாக யாரும் இல்லை. கோடையில் வந்துபோகிற வீடுகள்தான். மேலே பறவைப் பாறை. பஃபின் நான் நினைத்ததைவிடச் சின்னது, பறக்கும்போது செட்டையை அப்படி அடித்துக்கொள்கிறது. நோர்வேயின் 2021 சிவப்புப் பட்டியலில், அழியும் ஆபத்தில் உள்ள பறவை.

திரும்பும் வழியில் வயதான தம்பதி ஒன்று லுண்டஹுண்டோடு வந்தது. நாங்கள் தடவித் தடவி இறங்கிய அதே கற்களில் அந்த நாய் ஓடியது. முன்கால் வெளியே சுழன்று, விரல்கள் விரிந்து, சரிந்த கல்லின் ஓரத்தைப் பிடித்து, அடுத்த கல்லுக்கு. ஹாமாரில் நான் "தளர்வு" என்று எழுதிய அதே சுழற்சி. கதைத்துக்கொண்டே நான் அதன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை நாயைக் கயிற்றோடுதான் கொண்டுபோக வேண்டும், பறவைகளுக்கும் காட்டு விலங்குகளுக்கும் குஞ்சு குட்டிக் காலம் என்பதால். இந்த நாய்க்கும் அதே சட்டம்தான். பாதையோரம் புல்லுக்கடியில் ஏதோ ஒரு பொந்து. நாய் நின்றது, மூக்கை உள்ளே விட்டது, முன்காலால் இரண்டு தரம் பிறாண்டியது. மண் தெறித்தது.

காது இரண்டும் பின்னால் மடிந்து மூடிக்கொண்டன.

அந்த அம்மா, "வா வா, அது உனக்கில்லை" என்று கயிற்றை இழுத்தார்.