நயினாதீவில வைகாசிப் பூரணை

அம்மம்மா இருந்த காலத்தில நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போறதெண்டா முதல் நாள் பின்னேரமே செவ்வரத்தை மொட்டுகளை ஆய்ஞ்சு வாழையிலையில சுத்தித் தண்ணி தெளிச்சு வைச்சிடுவா, விடிய எல்லாம் விரிஞ்சு கிடக்கும். கோயில் வாசல்ல பூ விக்கினம்தானே, ஏன் இந்தக் கரைச்சல் எண்டு அம்மா ஒவ்வொருமுறையும் கேப்பா. "நாகம் கடலால நீந்திக் கொண்டந்த பூ பிள்ளை, எனக்கு பஸ்ஸில மடியில வைச்சுக் கொண்டுபோக ஏலாதே" எண்டுவா. அவ போய்ச் சேர்ந்தாப்பிறகு இந்த வைகாசிப் பூரணைக்குத்தான் நானும் அம்மாவும் அதே மாதிரிப் பூவோட வெளிக்கிட்டனாங்கள்.

யாழ்ப்பாணத்தில இருந்து வள்ளம் ஏறுற குறிகட்டுவான் துறை 30 கிலோமீற்றருக்கு மேல. பண்ணைப் பாலத்தில ஏறினா ரெண்டு பக்கமும் கடல்தான், முழங்காலளவு தண்ணியில ஆக்கள் வலையோட நிப்பினம், பேந்து வேலணை, அங்கால இன்னொரு தாம்போதி, புங்குடுதீவு. மலை எண்டு ஒண்டும் இல்லாத தட்டை நிலம், பனையும் சுண்ணாம்புக் கல்லும் வெயிலும். றோட்டு முடியிற இடத்தில கடல். அங்கயிருந்து வள்ளத்தில கால் மணித்தியாலம் மட்டில போயிடலாம், ஆனா சோளகக் காத்து எழும்பின நாளில அந்தக் கொஞ்ச நேரத்துக்கே சனம் "அம்மாளாச்சி"யைக் கூப்பிடும். அண்டைக்கும் அலை கொஞ்சம் இருந்தது, பூப்பொட்டலத்தை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு இருந்தன்.

கதை தெரியாதவைக்குச் சொல்லுறன். அனலைதீவுப் பக்கம் இருக்கிற புளியந்தீவில இருந்து ஒரு நாகம் அம்மனுக்கு எண்டு ஒவ்வொரு நாளும் வாயில பூ கவ்விக்கொண்டு நீந்தி வருமாம். ஒருநாள் கருடன் கண்டுபோட்டுது. பயந்த நாகம் கடலுக்குள்ள நிண்ட ஒரு கல்லைச் சுத்திக்கொண்டு கிடக்க, கருடன் பக்கத்துக் கல்லில குந்திக் காத்துக்கொண்டிருந்ததாம். அந்த வழியால கப்பலில வந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் ஒருத்தன் அதை விட்டுவிடச் சொல்லிக் கேக்க, உன்ர பொருளெல்லாத்தையும் அம்மனுக்குக் குடுத்தால் விடுறன் எண்டு கருடன் சொன்னதாம், அவனும் குடுத்தான், கருடன் கடலில மூண்டு தரம் முழுகிப்போட்டுப் பறந்திட்டுது. பாம்பு சுத்தின கல், கருடன் கல் எண்டு அந்த ரெண்டுக்கும் இண்டைக்கும் பேர் இருக்கு. நான் சின்னனா இருக்கேக்குள்ள அம்மம்மா வள்ளத்தில இருந்து கையை நீட்டிக் காட்டுவா, எனக்கு அலைதான் தெரிஞ்சது, ஆனாலும் தெரியுது எண்டு சொல்லுவன். எனக்கு இந்தக் கதையில அந்த வணிகனைத்தான் பெரிசாத் தெரியுது, ஒரு பாம்பின்ர பூசை தடைப்படக்கூடாது எண்டு கொண்டந்த முழுச்சரக்கையும் குடுக்கிறதெண்டா.

பூரணை எண்டபடியால் வள்ளம் நிறையச் சனம், பாதிப்பேர் வெள்ளை உடுப்போட தெற்கில இருந்து அதே தீவில இருக்கிற புத்த கோயிலான நாகவிகாரைக்கு வந்தவை. மணி ஆசனத்துக்காகச் சண்டை பிடிச்ச மகோதரன், சூளோதரன் எண்ட நாக அரசர் ரெண்டு பேரையும் புத்தர் வந்து சமாதானப்படுத்தின இடம் எண்டு மகாவம்சக் கதையை வைச்சு அவை கும்பிடுகினம். எங்கட மணிமேகலையிலயும் ஆசனத்துக்குச் சண்டை பிடிச்ச ரெண்டு நாக அரசர் வருகினம், மணிபல்லவம் எண்ட தீவில.

அம்மன் வாசல் கடலைப் பாத்தபடி. சதிதேவியின்ர சிலம்பு விழுந்த சக்திபீடம் எண்டு சொல்லுறவை. பறங்கியர் இடிச்ச கோயில், 1788 இல திரும்பக் கட்டினது. உள்ளுக்குப் போனா எண்ணெயும் கற்பூரமும் மணக்கிற அந்த இருட்டில நாகபூசணி நிக்கிறா, பிள்ளை வரம் கேட்டு வந்தவை, வரம் கிடைச்சுப் பிள்ளையோட வந்தவை எண்டு ரெண்டு வகைச் சனமும் ஒரே வரிசையில. ஐயர் எங்கட பொட்டலத்தைப் பிரிச்சு வாங்கினார், பூ ஒண்டும் வாடேல்லை. தீபம் காட்டேக்குள்ள அந்தச் சிவப்பு அம்மன்ர காலடியில தெரிஞ்சது, அம்மா தன்ர வாயைச் சீலைத் தலைப்பால பொத்திக்கொண்டா, நான் அந்தப் பக்கம் பாக்கேல்லை.

இஞ்ச ஒரு கல்வெட்டும் இருக்கு, பொலநறுவை அரசன் முதலாம் பராக்கிரமபாகு 12 ஆம் நூற்றாண்டில தமிழில வெட்டுவிச்சது. யானை குதிரை கொண்டுவாற மரக்கலம் உடைஞ்சுபோனால் நாலில ஒரு பங்குதான் அரசுக்கு, மிச்சம் உடையவனுக்கு, வியாபாரக் கப்பலெண்டால் சரிபாதி. வணிகன்ர கப்பல் கதை வெறும் கதையாப் படேல்லை எனக்கு, இந்தக் கடலில அப்படிக் கப்பல்கள் வந்துகொண்டுதான் இருந்திருக்கு.

மத்தியானம் அன்னதான மண்டபத்துக்குப் போனம். அதுக்குப் பேர் அமுதசுரபி. மணிபல்லவம் நயினாதீவுதான் எண்டு எங்கட ஆக்கள் நம்பிறதால வந்த பேர். காவியத்தில ஆபுத்திரனைக் கப்பல்காரர் தெரியாமல் மணிபல்லவத்தில விட்டிட்டுப் போயிடுவினம். கையில அமுதசுரபி, எடுக்க எடுக்கச் சோறு குறையாத பாத்திரம், ஆனா சாப்பிட வர அந்தத் தீவில ஒரு மனிசர் இல்லை. எனக்கு மட்டும் எதுக்கு எண்டு பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில விட்டிட்டு அவன் சாப்பிடாமல் கிடந்தே உயிரை விட்டான். அது வருசத்தில ஒருநாள், இதே வைகாசிப் பூரணையில, தண்ணிக்கு மேல வரும், மணிமேகலை எடுக்கிறா. சின்னனில கேட்ட கதைதான், ஆனா யாருமில்லாமல் அவன் அந்தக் கரையில இருந்ததை அண்டைக்குத்தான் நினைச்சன்.

சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, ரசம். எனக்குப் பக்கத்தில வெள்ளை உடுப்போட ஒரு வயசான அம்மா, தமிழ் தெரியாது, காணும் எண்டு கையைக் காட்டினா, பரிமாறின தம்பி சிரிச்சுப்போட்டு இன்னொரு அகப்பை வைச்சான், அவவும் சிரிச்சுச் சாப்பிட்டா. நாங்கள் எழும்பிக் கை கழுவிப்போட்டு வெளியில வரேக்குள்ள அடுத்த பந்திக்குச் சனம் வாசல் தாண்டி, வெயிலுக்குள்ள, வள்ளத்துறைப் பக்கம் வரைக்கும் நிண்டுது.