டாமும் ஹக்கும்: வீடு உள்ளவனும் இல்லாதவனும்

மார்க் ட்வைன் 1876-இல் வெளியிட்ட டாம் சாயர் நாவலை இந்த விடுமுறையில் மதுரையில் என் அக்கா மகளுடன் சேர்ந்து வாசித்தேன். டாம், ஹக், ஜோ என்ற மூன்று சிறுவர்கள் ஆற்றில் மூழ்கி இறந்துவிட்டதாக நம்பி ஊரே தேவாலயத்தில் கூடி அழுதுகொண்டிருக்க, அந்தச் சிறுவர்களே உயிரோடு உள்ளே நடந்து வரும் கட்டத்தில் அவள் நிறுத்தி, “சித்தி, ஹக்குக்கு மட்டும் யாருமே வரலையா?” என்று கேட்டாள்.

டாம் தாயில்லாப் பிள்ளைதான். ஆனால் அவனை அடிக்கவும், அடித்துவிட்டு வருந்தவும் பாலி பெரியம்மா இருக்கிறாள். ஹக் ஊர்க் குடிகாரனின் மகன். மழையில்லாத நாளில் யார் வீட்டு வாசற்படியிலோ, மழை நாளில் காலி மரப்பீப்பாயிலோ உறங்குபவன். பள்ளிக்குப் போக வேண்டாத அவன் வாழ்வைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகள் ஏங்குகிறார்கள். பசியும் அந்தச் சுதந்திரத்தோடு சேர்ந்தே வருகிறது என்பது, வீட்டில் சோறு காத்திருக்கும் அவர்களுக்குத் தெரிவதில்லை. தேவாலயத்தில் எல்லோரும் டாமையும் ஜோவையும் கட்டியணைக்கும்போது நழுவப் பார்த்த ஹக்கைப் பிடித்து நிறுத்தி, இவனைக் கண்டும் யாராவது மகிழ வேண்டாமா என்று டாம் கேட்கிறான். டாமை நான் மனதார நேசிப்பது அந்த இடத்தில்தான்.

ஆனால் என்னை உலுக்கியது வேறொரு பகுதி. ஜேக் என்ற கறுப்பின அடிமை, தன்னிடம் இருப்பதில் கொஞ்சம் ஹக்குக்கு உணவளிக்கிறார். அவருக்காக ஹக் தண்ணீர் சுமக்கிறான். அவருடன் உட்கார்ந்தே சாப்பிட்டிருப்பதாக டாமிடம் சொல்லிவிட்டு, இதை வெளியே சொல்லாதே என்றும் கேட்டுக்கொள்கிறான். பசி வந்தால் வழக்கமாகச் செய்ய விரும்பாததையும் செய்ய வேண்டியிருக்கிறது என்று காரணமும் சொல்கிறான். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்த ஊர்களைச் சுற்றிலும் கொண்ட மதுரையில் வாழும் நமக்கு, அந்தக் கூச்சத்திற்கு விளக்கம் தேவையில்லை. உடன் உண்டதில் ஹக் டாமைவிட வெகுதூரம் போய்விட்டான். அதை மறைக்கச் சொன்னதில், தன்னை ஒதுக்கிய ஊரின் பிள்ளையாகவே நிற்கிறான்.

இறுதியில் புதையல் கிடைக்கிறது. ஊரின் வசதியான விதவை டக்ளஸ் அம்மையார் வீட்டில் சேர்க்கப்பட்ட ஹக், மூன்று வாரங்களில் ஓடிப்போய் மீண்டும் பீப்பாயில் ஒளிகிறான். கண்ணியமாக வாழாதவனுக்குத் தான் விளையாட்டாகத் தொடங்கும் கொள்ளைக் கூட்டத்தில் இடமில்லை என்று சொல்லி டாம் அவனை அழைக்கிறான். முன்பு கடற்கொள்ளையர் விளையாட்டில் மட்டும் என்னைச் சேர்த்துக்கொண்டாயே என்று ஹக் கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி. கொள்ளைக்காரர்கள் கடற்கொள்ளையர்களைவிட உயர்குலத்தவர் என்பதே டாமின் பதில். நட்புக்கும் தகுதி கேட்கும் அந்தப் பதிலை டாம் அறிந்து சொல்லவில்லை. தன் வீட்டில் கேட்டு வளர்ந்ததைச் சொல்கிறான். ஹக் ஒரு மாதம் முயன்று பார்க்கச் சம்மதிக்கிறான். டாமோ, அந்த அம்மையாரிடம் கொஞ்சம் தளர்வு கேட்டுப் பார்ப்பதாக வாக்களிப்பதோடு நின்றுவிடுகிறான்.